மைனியின் கம்ப்யூட்டரிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு

கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர் காலையில் போன் எடுத்து "இப்ப வாறேன்" என்றார். எங்கள் ஊரில் வரப்போகிறவரும் வாறேன் என்பார், கிளம்பிப் போகிறவரும் வாறேன் என்பார். இவர் எந்த வகை என்பது பத்து மணி தாண்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே மழை. ரோட்டைத் தோண்டிப் போட்டதில் இன்டர்நெட் ஒயரும் சேர்ந்து அறுந்திருந்தது. எனக்கு முட்டில் வலி. அன்று திங்கள்கிழமை. வியாழக்கிழமை மைனி அயர்லாந்துக்குப் போகிறார்.

மைனி என் அண்ணன் மனைவி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில் இருந்து உள்ளே போகிற ரோட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறோம். கல்யாணக் கார்டு, சர்ச் ஆண்டு நோட்டீஸ், கோயில் உற்சவ நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். தமிழ் என் கையில், மலையாளம் மைனி கையில். ஆளுக்கொரு கம்ப்யூட்டர். மைனி மலையாளம் மட்டும் பேசுகிற காட்டாக்கடையில் பிறந்தவர். கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து எங்களோடு தமிழ்தான் பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார். ஆனால் கணக்குக் கூட்டுவதும் ஜெபம் பண்ணுவதும் ஏசுவதும் இன்றைக்கும் மலையாளத்தில்தான். எங்களுக்கும் பாதி அப்படித்தான். ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அண்ணன் இறந்த பிறகு மைனி வீட்டில் தனியாக இருந்தார். மகனும் மருமகளும் அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் மாறி மாறி டூட்டி, கையில் சின்னக் குழந்தை, பார்க்க ஆளில்லை. அம்மா வந்தால் போதும், ரெண்டு வருஷம்தான் என்று மகன் சொன்னான். அந்த ரெண்டு வருஷம் எப்படி நீளும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பேரப்பிள்ளை வளர்க்கப் போன அம்மாமார் வீட்டுக்கு வீடு உண்டு.

எனக்கு மைனி போவதில் இஷ்டமே இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மைனியிடமும் சொல்லவில்லை. அண்ணனே போய்ச் சேர்ந்தாயிற்று, இனி அண்ணன் பெண்டாட்டியைப் பிடித்து வைக்க நாத்தனாருக்கு என்ன உரிமை? மகன் அம்மாவைக் கூப்பிடுகிறான், நடுவில் நான் யார்? அதனால் அவர் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, "நல்லதுதான் மைனி" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்றில் இருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பிரிண்டர் பேப்பரை மென்றால் கோபம், கரண்ட் போனால் கோபம், கார்டுக்கு ரோஜாப்பூ கேட்டால் கோபம். மைனி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முட்டுவலி என்று வைத்துக்கொண்டார் போல.

மைனியின் கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸ் ஏழிலேயே நின்றுபோனது. அவர் போனால் அதைப் பார்க்க ஆளில்லை, அதற்கும் ஆயுசு இல்லை. ஆன் பண்ணினால் உள்ளே ஃபேன் மாவு மில் சத்தத்தில் சுற்றும். அதில் கிடக்கிற மலையாள வேலை எல்லாம் என் கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். போன வருஷக் கார்டை எடுத்துப் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம். பென் டிரைவ் போட்டுப் பார்த்தோம். முன்னால் இருக்கிற ஓட்டை இரண்டும் துருப்பிடித்துப் போயிருந்தன. பின்னால் இருப்பதில் போட்டால் பாதி ஏறி நின்றுவிடும். அப்போதுதான் அந்த வாறேன் சொல்கிறவர், லேன் கேபிள் ஒன்று வாங்கி ரெண்டையும் நேரே பிணைத்துவிட்டால் போதும், நானே வந்து செய்து தருகிறேன் என்றார்.

கேபிள் வாங்க சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்கு நாங்கள் இருவரும் போனோம். கடைக்காரர், ஸ்டிரெய்ட்டா கிராஸா என்று கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாது. கிராஸ் என்றதும் மைனி சிலுவையை நினைத்து, ஆலோசிக்காமல், "குருசு வேண்டாம், அது வீட்டுல நெறய உண்டு" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பழைய காலத்தில் ரெண்டு கம்ப்யூட்டரை நேரே இணைக்க உள்ளே ஒயர் மாற்றிப் போட்ட கிராஸ் கேபிள்தான் வேண்டும், இப்போது புதிய கம்ப்யூட்டர் தானே மாற்றிக்கொள்ளும், ஒரு பக்கமாவது புதிதாக இருந்தால் சாதாரணமே போதும் என்று எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது மைனி கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இனி நெய்யாற்றின்கரைக்கு யாரோடு போவது என்று அப்போது நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

திங்கள்கிழமை சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம், மைனிக்கு வழியனுப்பு. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, எல்லாம் பிரிச்சு ரெண்டு ஃபோல்டரா வச்சிருக்கேன், நீ பாத்து எடு என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வரவேண்டும் என்று முந்தின நாளே கூப்பிட்டிருந்தார். கடையைப் பூட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைக்கு அன்று மதியம் வரை ஒரு ஈ காக்கை வரவில்லை.

வாறேன் என்றவர் வரமாட்டார் என்று முடிவானதும் நானே உட்கார்ந்தேன். அவரைப் போனில் பிடித்து, வரவேண்டாம், சொல்லித் தந்தால் போதும் என்றேன். அவர் எங்கோ ஒரு இடத்தில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லித் தந்தார். கேபிளின் ஒரு முனை மைனி கம்ப்யூட்டரின் முதுகில், மறுமுனை என்னுடையதின் முதுகில். மேஜைக்கு அடியில் குனிந்து சொருகி நிமிர்வதற்குள் முட்டு இரண்டும் போதும் போதும் என்றன. கிளிக் என்று சத்தம் கேட்டது. பச்சை லைட் எரிந்தது, பக்கத்தில் மஞ்சள் லைட் விட்டு விட்டு மின்னியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இவ்வளவு இல்லை.

ரெண்டுக்கும் விலாசம் கொடுக்க வேண்டும் என்றார். நூற்றித் தொண்ணூற்றிரண்டில் தொடங்குகிற நாலு எண்கள், கடைசி எண் மட்டும் ஒன்றுக்கு ஒன்று, மற்றதுக்கு இரண்டு. நான் இரண்டுக்கும் ஒன்றே போட்டுவிட்டேன். ஒரே வளவில் ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டு கம்ப்யூட்டரும் மஞ்சள் முக்கோணம் காட்டி முறைத்தன. அதைத் திருத்தினேன். அப்புறம் ஃபயர்வால் விடவில்லை. அதைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தேன். அப்புறம் ஷேரிங். எல்லாம் செய்து முடித்தால் என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. மைனி கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. இல்லை என்பதை அது நம்பவில்லை. போனில் கேட்டால், இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொடுங்கள் சேச்சி, பூட்டில்லாத வீட்டுக்குள் இது போகாது என்றார். கள்ளனுக்கு இருக்கிற நியாயத்துக்கு இது நேர் எதிராக இருந்தது. பாஸ்வேர்டு போட்டேன், உள்ளே விட்டது.

மைனியின் கம்ப்யூட்டர் என் திரையில் திறந்தது. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் கம்ப்யூட்டரை மற்றவர் தொட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் சொன்னபடி ரெண்டு ஃபோல்டர் இருந்தன. மைனி எதற்குப் பேர் வைத்தாலும் ஆங்கில எழுத்தில்தான் வைப்பார், சொல் எந்தப் பாஷையோ. ஒன்று KADA. அது கடை, சந்தேகமில்லை. மற்றது VENDATHU.

வேண்டாது என்று படித்தேன், வேண்டாதது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடைக்கு உள்ளது ஒன்றில், வேண்டாத கழிவு மற்றதில். நல்ல காரியம் என்று கடையை இழுத்து என் பக்கம் போட்டேன். அது ஏறத் தொடங்கியது. நேரம் போக வேண்டுமே என்று அந்த மற்றதைத் திறந்து பார்த்தேன். கழிவில் என்ன இருக்கும் என்ற அலட்சியம்தான்.

முதலில் எங்கள் கடை போர்டின் டிசைன். நானும் மைனியும் மூன்று நாள் சண்டை போட்டு, தமிழ் மேலேயா மலையாளம் மேலேயா என்று தீராமல், கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது. அப்புறம் போட்டோக்கள். கீபோர்டில் தலை வைத்து நான் வாய் திறந்து தூங்குவது. இதை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கரண்ட் மீட்டருக்கு மேலே குருவி கூடு வைத்தது. என் மகள் கல்யாணக் கார்டின் முதல் மாதிரி, நான் பிடிக்கவில்லை என்று தள்ளியது.

அப்புறம் அந்த நோட்டீஸ். ஒரு வாலிபர் சங்கத்து ஆண்டு விழாவுக்கு மலையாளத்தில் எழுதிக் கொண்டு வந்ததை நான் தமிழில் அடித்தேன். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், கண்ணில் பட்டதை அப்படியே அடித்து வைத்தேன். பத்தரை மணிக்குத் தலைவரின் சம்சாரம், பதினொரு மணிக்குச் செயலாளரின் சம்சாரம் என்று நோட்டீஸ் போய் ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. சங்கத்துக்காரர்கள் யாரும் கவனிக்கவில்லை. தலைவரின் சம்சாரம்தான் கவனித்துக் கடைக்கு வந்தாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பியது மைனி. அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

இதெல்லாம் வேண்டாததாம். என் போட்டோ, என் அண்ணன் போட்டோ, எங்கள் போர்டு. ஆறஅமர உட்கார்ந்து பிரித்து, பேர் எழுதி வேறே வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அழுகையும் வந்தது. அயர்லாந்துக்குப் போகிறவருக்கு இனி எங்கள் குப்பை எதற்கு என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க யாரும் இல்லை. அழித்துப் போடவும் கை போனது. வேண்டாம், அவர் கையாலேயே அழிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை விட்ட பிறகு மைனி வந்தார். ஜெபக்கூட்டத்தில் கொடுத்த கேக் ஒரு துண்டை டிஷ்யூ பேப்பரில் மடித்து எனக்கென்று கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லாரும் என்னைக் கேட்டார்களாம். நான் கேக்கைப் பார்க்கவே இல்லை. கடை ஃபோல்டர் வந்தாச்சு என்றேன்.

"வேண்டாது அங்கயே கெடக்கு. போவதுக்கு முன்ன நீங்களே அழிச்சிட்டுப் போங்க."

மைனிக்குப் புரியவில்லை. எந்த வேண்டாது என்று கேட்டார். நான் திரையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, குனிந்து, என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"வேண்டாது இல்ல மக்கா. வேண்டது ஆக்கும். எனக்கு வேண்டது."

மலையாளத்தில் வேண்டது என்றால் தேவையானது. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுதான், எழுதுகிறவர் நினைத்தது அவர் மனசுக்குள்ளேயே இருக்கும். மைனி மலையாளத்தில் எழுதி வைத்ததை நான் தமிழில் படித்தேன். இத்தனை வருஷமாக இந்த ரெண்டு பாஷையையும் விற்றுக் கஞ்சி குடித்தவள் நான். வேறு எந்த ஊரிலும் யாருக்கும் இந்தத் தப்பு வராது.

அங்கே கொண்டு போவதற்காகப் பிரித்தது என்றார் மைனி. கேபிள் வழி என் கம்ப்யூட்டருக்கு வந்தால், அதில் இருந்து பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாராம். கடைக்கு வேண்டியது உனக்கு, எனக்கு வேண்டியது எனக்கு, இதில் என்ன என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் இருந்த வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. அவருக்கு நாங்கள் வேண்டாம், எனவே போகட்டும் என்று இருந்துவிடலாம். இப்போது அதுவும் இல்லை. நான் அந்த ஃபோல்டரையும் இழுத்து என் பக்கம் போட்டேன். கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் என்றது, கொஞ்சம் கழித்து ஒன்றரை மணி நேரம் என்றது, அப்புறம் ஆறு நிமிஷம் என்றது. அதற்கே நிச்சயம் இல்லை. மைனி அவருடைய நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் அந்தப் பச்சைப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் மைனி சொன்னார்.

"நாலு மாசமாட்டு ஆரு வந்தாலும் எப்ப போறிய, குளிருக்கு உடுப்பு எடுத்தாச்சா, இதுதான் கேக்காங்க. இன்னைக்கு ஜெபத்துலயும் நல்லபடியா போய்ச் சேரணும்னுதான் ஜெபிச்சாங்க. போவாண்டாம்னு ஒரு ஆளு சொல்லல்ல. நீயும் சொல்லல்ல."

எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன் என்று விளக்கலாம். அந்த வாக்கியத்தை நாலு மாசமாக மனசுக்குள் நல்ல தமிழில் அடித்து வைத்திருந்தேன், எழுத்துப் பிழை இல்லாமல். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை.

"போவாண்டாம் மைனி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "எனக்கு நீங்க போவாண்டாம்."

மைனி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"போவாம இருக்க முடியுமா மக்கா? அங்க பிள்ளைக்கு ஆளில்ல. அவனுக்க முகத்தப் பாத்தா நான் எப்பிடி மாட்டேன்னு சொல்ல?" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "ஆனா நீ சொல்லிட்ட. எனக்கு அது போதும்" என்றார்.

பச்சைப் பட்டை முடிந்தது. நான் அந்தக் கேக்கை எடுத்து இரண்டாகப் பிட்டேன், இருவரும் தின்றோம்.

வியாழக்கிழமை மைனி போனார். நான் விமான நிலையம் வரை போனேன், அன்றைக்குக் கடையைப் பூட்டித்தான் போனேன். இப்போது கடைக்கு வருகிறவர்கள் மலையாள வேலையை நீட்டிவிட்டு, மைனி நல்லதுக்குத்தானே போயிருக்கிறார், மகன் பக்கத்தில் சுகமாக இருப்பார் என்கிறார்கள். நான் அதற்கு ஆமாம் என்று சொல்வதில்லை. போவாண்டாம்னு நான் சொன்னேன் என்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.